ஃபாயில் போர்டு வாங்கும் முன்: காற்று நின்றால் அது உங்களைத் தாங்குமா?

போன கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் ஒருவர் புது போர்டோடு பாம்பன் தீவுக்கு வந்தார். எடை 84 கிலோ. போர்டு 75 லிட்டர், கார்பன், ஐந்தடிக்கும் குறைவான நீளம். வேறொரு ஊரில் மூன்று நாள் விங் ஃபாயில் பயிற்சி எடுத்திருந்தார். காற்றடைத்த இறக்கையை (விங்) கையில் பிடித்து வேகம் எடுத்தால், போர்டுக்கு அடியில் நீருக்குள் இருக்கும் சிறகு (ஃபாயில்) போர்டையே நீருக்கு மேலே தூக்கிவிடும், அதுதான் விங் ஃபாயில். "சீக்கிரமே கற்றுக்கொள்வீர்கள், பெரிய போர்டு வாங்கினால் ஆறு மாதத்தில் விற்க வேண்டியிருக்கும்" என்று சொல்லி அதை விற்றிருக்கிறார்கள்.

அன்று காலை நல்ல காற்று. எழும்பினார், நூறு மீட்டர் பறந்தார், விழுந்தார், மறுபடி எழும்பினார். பதினொரு மணிக்கு மேல் காற்று குறைந்தது. கரையிலிருந்து பார்க்கிறேன்: மனிதர் தெரிகிறார், விங் தெரிகிறது, போர்டைக் காணவில்லை. அவர் அதன் மேல்தான் முட்டி போட்டிருந்தார், போர்டு தண்ணீருக்குள் இருந்தது. நீரோட்டம் மெல்ல வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. ஃபைபர் படகை எடுத்துப் போய்க் கூட்டி வந்தோம். ஆபத்து எதுவும் இல்லை, ஏனென்றால் படகு இருந்தது. படகு இல்லாத கரையில் இதே கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போர்டு வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் பறக்கும் நேரத்தை நினைத்தே வாங்குகிறார்கள். ஆனால் ஃபாயில் தூக்கிவிட்ட பிறகு போர்டுக்கு அதிக வேலை இல்லை. அப்போது அது கால் வைக்க ஒரு மேடை, அவ்வளவுதான். போர்டின் உண்மையான வேலை அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது: எழும்பும் வரை மிதந்து வேகம் பிடிப்பது, காற்று நின்றதும் உங்களைத் தாங்கிக் கரை சேர்ப்பது. தேர்வு செய்யும்போது அந்த நேரங்களைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

கணக்கு எளிமையானது. ஒரு லிட்டர் கொள்ளளவு கடல்நீரில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தாங்கும், சுமார் 1.025 கிலோ. 75 லிட்டர் போர்டு தாங்குவது 77 கிலோ. அவருடைய எடை 84, போர்டு சுமார் 7, மாஸ்ட் (ஃபாயிலைப் போர்டோடு இணைக்கும் தண்டு) உட்பட ஃபாயில் சுமார் 5, ஈர உடையும் மிதவை அங்கியும் 2. மொத்தம் 98 கிலோ. இருபது கிலோவுக்கு மேல் துண்டு விழுகிறது. அதனால்தான் போர்டு கண்ணுக்குத் தெரியவில்லை. இதைக் கடையில் யாரும் அவருக்குப் போட்டுக் காட்டவில்லை.

தேர்ந்த ஓட்டுநர்கள் தங்கள் எடையைவிடக் குறைந்த லிட்டர் போர்டில் போகிறார்கள், உண்மைதான். அவர்கள் நீருக்குள் மூழ்கிய போர்டில் முட்டி போட்டு, விங்கைத் தலைக்கு மேல் பிடித்து, அதன் இழுப்பிலேயே மேலே வருவார்கள். அதற்குக் காற்று வேண்டும். காற்று இல்லையென்றால் அவர்களும் நம்மைப் போலத்தான். தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, உங்கள் எடையோடு முப்பது நாற்பது லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். நின்றபடி திரும்பவும், பத்தில் எட்டு முறை எழும்பவும் வந்துவிட்டால் எடையோடு பத்து லிட்டர் போதும். அதற்குக் கீழே இறங்குவதைப் பற்றி ஒரு முழு பருவம் கழித்து யோசிக்கலாம். பெரிய போர்டில் கற்றவர் ஒரே காலையில் முப்பது முறை எழும்பிப் பழகுவார். சிறியதில் ஐந்து முறை எழும்புவதற்குள் கை ஓய்ந்துவிடும். எது சீக்கிரம் கற்றுத்தரும் என்று நீங்களே பாருங்கள்.

அப்புறம் வடிவம். இதில்தான் இப்போது குழப்பம் அதிகம்.

இரண்டு போர்டுகளைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டுமே ஏறத்தாழ 120 லிட்டர். ஒன்று ஐந்தடி எட்டு அங்குல நீளம், 28 அங்குல அகலம். இன்னொன்று எட்டடி நீளம், 20 அங்குல அகலம். முதலாவது விங் கற்பவருக்கானது, இரண்டாவது டவுன்விண்ட் போர்டு. லிட்டர் ஒன்றே என்றாலும் தண்ணீரில் வைத்தால் இரண்டும் வேறு வேறு உயிர்கள்.

டவுன்விண்ட் என்பது காற்று போகும் திசையிலேயே, அது எழுப்பும் அலைமேடுகளின் சரிவைப் பிடித்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போவது. ஹவாயின் மாவி தீவில் மாலிகோ பள்ளத்தாக்கின் வாயிலிருந்து கஹுலுயி துறைமுகம் வரை சுமார் 15 கிலோமீட்டர் ஓட்டம் இதற்குப் பேர் போனது. வணிகக் காற்று கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போகும். அமெரிக்காவின் ஹூட் ரிவர் ஊரில் கொலம்பியா ஆறு மேற்கே ஓடுகிறது, கோடைக் காற்று மேற்கிலிருந்து எதிர்த்து அடிக்கிறது, அந்த மோதலில் ஆற்றிலேயே அலைமேடு எழும்புகிறது. டவுன்விண்டில் விங் இல்லாமல் துடுப்பு மட்டும் வைத்து எழும்புகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு விங்கின் இழுப்பு கிடையாது. இரண்டு கையும் ஒரு சரிவும்தான்.

நீரில் மிதந்து போகும் எதுவும் தன் முன்னால் ஓர் அலையை எழுப்பும். வேகம் கூடக் கூட அந்த அலை ஒரு சுவர் போல நிற்கும். அந்தச் சுவர் எங்கே வரும் என்பதை நீளம் தீர்மானிக்கிறது. ஐந்தரை அடிப் போர்டுக்கு மணிக்கு சுமார் 6 கிலோமீட்டரில் வந்துவிடும், எட்டடிக்கு 7-ல். வித்தியாசம் சின்னதுதானே என்று தோன்றும். ஆனால் ஒல்லியான போர்டுக்கு அந்தச் சுவரே தாழ்ந்தது, ஏறித் தாண்டிவிடலாம். அகலமானது சுவரில் முட்டிக்கொண்டு தண்ணீரைத் தள்ளிக்கொண்டே நிற்கும். பெரிய ஃபாயில் ஒரு பெரியவரைத் தூக்க மணிக்கு 12 கிலோமீட்டர் போல வேண்டும். அந்த இடைவெளியைக் கை பலத்தால் கடக்க வேண்டுமானால் நீளமும் ஒல்லியும் தேவை. எங்கள் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் டவுன்விண்ட் போர்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது வத்தை மாதிரில்ல இருக்கு, மத்ததெல்லாம் கதவு மாதிரி இருந்துச்சு" என்றார். வத்தை என்பது நீண்ட நாட்டுப் படகு. நான் வகுப்பில் அரை மணி நேரம் விளக்குவதை அவர் பார்த்ததும் சொல்லிவிட்டார்.

அப்படியானால் எல்லோரும் ஒல்லிப் போர்டே வாங்கலாமே என்று கேட்கிறார்கள். வேண்டாம். இருபது அங்குலத்தில் நிற்பதற்கே பல நாள் ஆகும். பக்க அலை வந்தால் உருட்டிவிடும். காற்றில் பறக்கும்போது நீண்ட மூக்கு திரும்பச் சோம்பும், எதிர் அலையில் குத்தும். விங் மட்டும் ஓட்டப்போகிறவர், நல்ல காற்றுள்ள இடத்தில் இருப்பவர், அகலமான போர்டிலேயே தொடங்கட்டும். நின்று பழகியவருக்கு ஆறடி முதல் ஏழடி வரை, 22 அங்குலம் போல உள்ள நடுத்தர வடிவம் பொருத்தம். குறைந்த காற்றிலும் சீக்கிரம் எழும்பும். கையடக்கமாகச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொள்ளும் துணி இறக்கையான பாராவிங் பழகுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். துடுப்போடு டவுன்விண்ட் போக முடிவு செய்தவருக்கு மட்டும் எட்டடி, எடையோடு முப்பது லிட்டர் போலக் கூடுதல்.

காற்றடித்த போர்டு பற்றியும் கேட்பார்கள். ரயிலில் கொண்டுவரலாம், விழுந்தால் அடிபடாது. ஆனால் வளையும், அதனால் ஃபாயிலின் பேச்சு காலுக்குத் தாமதமாக வரும். முதல் பருவத்துக்குச் சரி.

எங்கள் தண்ணீருக்கென்று சில விஷயங்கள் உண்டு. பாக் விரிகுடாப் பக்கம் கரையோரம் ஆழம் குறைவு. 85 சென்டிமீட்டர் மாஸ்ட் மணலில் தட்டினால் ஆள் முன்னால் பறப்பார், தலைக்கவசம் இல்லாமல் இறங்கவே கூடாது. கற்கும்போது 70, 75 போதும். இன்னொன்று கடற்புல். மிதந்து வரும் புல் ஃபாயிலில் சுற்றிக்கொண்டால் எந்தப் போர்டும் எழும்பாது. போர்டு சரியில்லை என்று புலம்பி வந்த இரண்டு பேரின் ஃபாயிலில் கைப்பிடி புல்லை எடுத்துப் போட்டிருக்கிறேன். எழும்பவில்லையென்றால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள்.

டவுன்விண்ட் ஆசையோடு இங்கே வருகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கிறது. தீவின் வடகரையில் அப்போது தண்ணீர் கண்ணாடி போல இருக்கும், பார்த்தாலே இறங்கத் தோன்றும். ஆனால் அந்தக் காற்று உங்களைக் கரையிலிருந்து வெளியே, கச்சத்தீவுப் பக்கம் தள்ளும். அங்கே கடல் எல்லை இருக்கிறது. வாடைக் காலத்தில் தென்கரையில் இதேபோல மன்னார் வளைகுடாவுக்குள் தள்ளும். அங்கே 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அனுமதியில்லாமல் நுழைய முடியாது. மாவியின் வீடியோவைப் பார்த்துவிட்டு அதே மாதிரி காற்றின் பின்னால் போக இது இடமில்லை. கரைக்கு இணையான காற்று, கூடவே படகு, கரையில் நேரம் குறித்து வைத்திருக்கும் ஓர் ஆள், இந்த மூன்றும் இல்லாமல் என் மாணவர்களை நான் அனுப்புவதில்லை. துடுப்போடு போகிறவர் போர்டு லீஷை (போர்டையும் ஆளையும் இணைக்கும் கயிறு) இடுப்பில் கட்ட வேண்டும். நீண்ட போர்டைக் காற்று பிடித்துவிட்டால் நீந்திப் பிடிக்க முடியாது.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். விற்பவரிடமோ பள்ளியிலோ அதே அளவு போர்டை ஒரு மணி நேரம் வாடகைக்குக் கேளுங்கள். காற்றில்லாத நேரத்தில் ஃபாயிலை மாட்டி, இடுப்பளவு ஆழத்துக்குக் கொஞ்சம் வெளியே கொண்டுபோய் அதன் மேல் ஏறி முட்டி போடுங்கள். விங்கை நீரில் மிதக்கவிட்டு, கையாலேயே துழாவி இருநூறு மீட்டர் கரையோரமாக வாருங்கள். வர முடிந்தால் அது உங்கள் போர்டு. முடியாவிட்டால் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கிய பிறகு வெயிலில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து மேல்தோலைப் பிரித்துவிடும். காற்றுத் திருகு உள்ள போர்டானால் விமானத்தில் ஏற்றும் முன் தளர்த்துங்கள், தண்ணீரில் இறக்கும் முன் மறக்காமல் இறுக்குங்கள்.