பூவரசம் இலை எப்படிப் பாடுகிறது?

ஒழுங்கை முடக்கில் ஒரு சின்னப் பெடியன் எட்டி, வேலியில் பூவரசம் இலை ஒன்றைப் பிடுங்குகிறான். காம்பைக் கிள்ளி எறிகிறான். பாய் சுருட்டுவதுபோல ஓரத்திலிருந்து இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையைப் பல்லால் மெல்லக் கடித்துத் தட்டையாக்குகிறான். அப்புறம் வாயில் வைத்து ஊத, 'பீ...' என்று ஒரு சத்தம். பக்கத்து வளவு நாய் குரைக்கிறது. அவனுக்கோ கண்ணெல்லாம் சிரிப்பு. "அம்மம்மா, இன்னொருக்கா ஊதட்டோ?"

யாழ்ப்பாணத்தில் பூவரசுக்குப் பஞ்சமில்லை. கதியாலாக, அதாவது வேலிக் கம்பாக, ஊன்றினால் தானே துளிர்க்கும். அதன் குழை தோட்டத்துக்குப் பசளை. பற்றரி கொண்டுவரத் தடை இருந்த 1990களில் பெரியவர்கள் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்டார்கள். பிள்ளைகளுக்கு வேலிதான் விளையாட்டுச் சாமான் கடை.

சரி, வெறும் இலையில் இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? கடித்துத் தட்டையாக்கிய முனையைப் பாருங்கள். இரண்டு இலை உதடுகள், நடுவில் நூலளவு கீறல். ஊதும்போது வாய்க்குள் காற்றழுத்தம் ஏறுகிறது. இலை உதடுகள் வாய்க்குள்ளேயே இருப்பதால் அந்த அழுத்தம் அவற்றை இரு பக்கமும் நெருக்குகிறது. கீறலுக்குள் விரைந்தோடும் காற்றிலோ அழுத்தம் குறைவு. உதடுகள் ஒட்டிக்கொள்கின்றன, காற்று தடைப்படுகிறது. ஆனால் பச்சை இலைக்கு ஒரு விறைப்பு உண்டு. மடக்கினால் நிமிரப் பார்க்கும். அந்த விறைப்பு உதடுகளை மறுபடி திறக்கிறது. இப்படி மூடித் திறப்பது செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சக் காற்று சுருளுக்குள் தெறிக்கிறது. அந்தத் தெறிப்புகளின் வரிசைதான் நம் காதில் 'பீ'. பேசும்போது தொண்டையிலும் கிட்டத்தட்ட இதே வேலைதான்: குரல்நாண்கள் ஆண்களுக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 120 தடவையும் பெண்களுக்கு 200 தடவையும் மூடித் திறக்கின்றன.

பழுத்தல் இலையில் விறைப்பு இல்லை, அது ஊதாது. குருத்து இலையும் சரிவராது, ஒட்டியபடியே கிடக்கும். பெரிய இலையின் உதடு பாரமானது. ஆறுதலாக அசைவதால் சுருதி இறங்கும். சுருளின் நீளத்துக்கும் பங்குண்டு. அழுத்த அலை மறுமுனைவரை ஓடித் திரும்பி வந்து உதடுகளின் அசைவுக்குத் தாளம் கொடுக்கிறது. சுருள் குட்டையானால் அலை கெதியாகத் திரும்பும், குரல் உயரும். மறுமுனையைக் கொஞ்சம் கிள்ளி எறிந்து இதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள். அதை நான் பரிசோதனை என்றே சொல்வேன்.

நல்லூர்த் திருவிழா நாட்களில் நாதஸ்வரக்காரர் ஊதத் தொடங்குமுன் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். வாத்தியத்தின் ஊதும் முனையான சீவாளியை வாயில் வைத்து நனைக்கிறார். நாணல் தட்டையில் செய்த அந்தச் சீவாளியும் இரண்டு உதடும் ஒரு கீறலும்தான். காய்ந்தால் விறைத்துவிடும், நனைந்தால்தான் இலகுவாக அசையும். மாற்றுச் சீவாளிகளை வாத்தியத்திலேயே தொங்கவிட்டிருப்பார்.

பூவரசம் பீப்பீக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. எச்சிலும் கடியும் பட்டுப்பட்டு முனை துவண்டுபோகும். விறைப்புப் போனதும் சத்தமும் போய் வெறும் காற்று மட்டும் வரும். பெடியன் அதை எறிந்துவிட்டு மறுபடி வேலிக்கு எட்டுகிறான்.