யாரும் தேடி வராத உடல்

கல்யாண வீடோ காதுகுத்தோ, நான் போஸ்ட்மார்ட்டம் செய்கிற டாக்டர் என்று தெரிந்துவிட்டால் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்பது அநேகமாக ஒரே மாதிரிக் கேள்விதான். வயதானவராக இருந்தால், "லட்சுமிகாந்தனை நிஜமாவே யார் டாக்டர் குத்தினது?" 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்திக்குத்துப் பட்டு மறுநாள் இறந்த பத்திரிகைக்காரர் அவர். அந்த வழக்கில் தண்டனை பெற்ற தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1947இல் விடுதலையாகி வந்தார்கள், கேள்வி மட்டும் எண்பது வருஷமாக அப்படியே இருக்கிறது. இளைஞர்களாக இருந்தால் யூடியூபில் பார்த்த ஆஸ்திரேலியக் கடற்கரைப் பிணத்தைப் பற்றிக் கேட்பார்கள்.

இந்த ஆர்வத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பாதியில் நின்ற கதை யாரையும் தூங்கவிடாது, என்னையும்தான். நான் இந்தத் துறையை எடுத்ததற்கே அதுவும் ஒரு காரணம். ஆனால் இத்தனை வருஷம் மார்ச்சுவரியில் நின்ற பிறகு இந்த வழக்குகளைப் படிக்கும்போது என் கண் போகிற இடம் மாறிவிட்டது. ரகசிய எழுத்து, விஷம், உளவாளி எல்லாவற்றையும் தாண்டி நான் முதலில் தேடுவது, இந்த ஆளைக் காணோம் என்று யாராவது புகார் கொடுத்தார்களா, எப்போது கொடுத்தார்கள் என்பதைத்தான்.

அந்த ஆஸ்திரேலிய வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1948 டிசம்பர் 1, காலை. அடிலெய்டு நகரத்தை ஒட்டிய சோமர்ட்டன் கடற்கரையில், சுவரில் தலையைச் சாய்த்தபடி ஒருவர் இறந்து கிடக்கிறார். கோட்டு, டை, பளபளப்பான ஷூ. காலர் மேல் பாதி புகைத்த சிகரெட். துணிகளில் லேபிள்கள் இல்லை. பிரேதப் பரிசோதனையில் மண்ணீரல் வழக்கத்தைப்போல மூன்று மடங்கு வீங்கியிருந்தது, வயிற்றில் ரத்தம் கலந்திருந்தது. பார்த்த மருத்துவருக்கு விஷம் என்று பலமான சந்தேகம், ஆனால் ஆய்வகத்தில் எந்த விஷமும் சிக்கவில்லை. (இது இன்றைக்கும் நடப்பதுதான். எந்த விஷத்தைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் பல சமயம் சோதனையில் அது கிடைக்கும், சில விஷங்கள் உடலிலேயே சிதைந்துவிடும்.) சில மாதம் கழித்து அவருடைய கால்சட்டையில் இருந்த சின்னப் பைக்குள் சுருட்டி வைத்த ஒரு காகிதத் துண்டு கிடைத்தது. 'தமாம் ஷுத்', அதாவது பாரசீகத்தில் 'முடிந்தது'. உமர் கய்யாமின் ருபாயியத் கவிதைகளின் மொழிபெயர்ப்பு ஒன்றின் கடைசிப் பக்கத்திலிருந்து கிழித்தது. அந்தப் புத்தகமும் கிடைத்தது. அதன் பின்பக்கத்தில் பொருள் புரியாத ஆங்கில எழுத்து வரிசைகளும் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தன.

இவ்வளவு போதாதா? உலகமே உட்கார்ந்து கதை கட்டியது. எழுத்து வரிசையை வைத்து அவரை ரஷ்ய உளவாளி ஆக்கினார்கள். அந்தத் தொலைபேசி எண் அருகில் குடியிருந்த ஒரு நர்சுடையது. எனக்கு இவரைத் தெரியாது என்று அவர் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. அவருடைய மகனின் காது மடலையும் பல்வரிசையையும் பிணத்தோடு ஒப்பிட்டு, அந்த மகன் இறந்தவருக்குப் பிறந்த பிள்ளை என்றார்கள். அந்த அம்மாவும் மகனும் உயிரோடு இருந்தவரை மட்டுமல்ல, இறந்த பின்னும் அந்தப் பேச்சு அவர்கள் குடும்பத்தை விடவில்லை.

2022 ஜூலையில் அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் ஆபட்டும் அமெரிக்க மரபுவழி ஆய்வாளர் காலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் ஒரு பெயரைச் சொன்னார்கள். 1949இல் அடக்கம் செய்வதற்கு முன் அந்த உடலிலிருந்து ஒரு பிளாஸ்டர் அச்சு எடுத்திருந்தார்கள், அதில் ஒட்டிக்கொண்டிருந்த தலைமுடியின் டி.என்.ஏ.வை வைத்து, தூரத்துச் சொந்தங்கள் வழியாகக் குடும்ப மரத்தை வரைந்து போய்ச் சேர்ந்த பெயர் கார்ல் வெப். மெல்போர்னில் 1905இல் பிறந்த மின்கருவித் தொழிலாளி. காவல்துறை அப்போது அதைத் தன் முடிவாக அறிவிக்கவில்லை என்றாலும், பல முடிச்சுகள் தானாக அவிழ்ந்தன. ரயில் நிலையத்தில் கிடைத்த அவருடைய பெட்டியில் ஒரு டையில் 'கீன்' என்று எழுதியிருந்ததை எத்தனையோ பேர் மாற்றுப்பெயர் என்று ஆராய்ந்தார்கள். வெப்பின் அக்கா புருஷன் பெயர் தாமஸ் கீன். சொந்தக்காரரின் பழைய டையைக் கட்டிக்கொண்டிருந்திருப்பார், அவ்வளவுதான்.

என்னை உறுத்தியது வேறு ஒன்று. வெப்பின் மனைவி, கணவன் தன்னைக் கைவிட்டுப் போய்விட்டான் என்று காரணம் சொல்லி 1951இல் விவாகரத்து கேட்டிருக்கிறார். வெப் அடிலெய்டு இடுகாட்டில் 'அடையாளம் தெரியாத மனிதர்' என்ற கல்வெட்டின் கீழ்க் கிடந்து அப்போது இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. ஆறு பிள்ளைகளில் கடைசி. கூடப் பிறந்தவர்கள் இருந்தும், காணோம் என்று ஒருவரும் தேடிப் போனதாகத் தெரியவில்லை. 74 வருஷ மர்மம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒரு இடைவெளிதான்.

இதற்கு நேர்மாறாக நம் ஊரிலேயே ஒன்று நடந்தது. 1952 ஆகஸ்ட், ராயபுரம் கடற்கரை மணலில் ஒரு தலை. ராமேஸ்வரம் பக்கம் போன போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி, மானாமதுரையில் திறந்து பார்த்தால் தலையில்லாத உடல். இதைவிடக் கடினமான அடையாளப் பிரச்சினை இருக்க முடியாது, ஆனால் சென்னைப் பேனா வியாபாரி ஆளவந்தாரின் கொலை வழக்கு மர்மமாக நிற்கவில்லை. அவரைக் காணோம் என்று உடனே தேடியவர்கள் இருந்தார்கள், மனைவி அடையாளம் சொன்னார், ராணுவத்தில் இருந்தபோது பதிந்த கைரேகை ஒத்துப்போனது. கொலை செய்தவர்கள் செய்த தந்திரம் எதுவும் இந்த மூன்றின் முன்னால் நிற்கவில்லை.

இனி என் மேஜைக்கு வந்த ஒன்று. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பேருந்து நிலையத்தில் இறந்து கிடந்த ஒரு பெரியவர். நாங்கள் 'அன்நோன் பாடி' என்போம். பத்து நாளுக்கு மேல் ஆகியும் யாரும் வராததால் அடக்கம் முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் ஒரு பெண் வந்தார். அப்பா கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போயிருப்பார் என்று வீட்டில் காத்திருக்கிறார்கள். பிறகு ஸ்டேஷனுக்குப் போனால், ஒரு நாள் பாருங்கள் வந்துவிடுவார் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். போட்டோவில் முகத்தைப் பார்த்து அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, இறந்த முகம் மாறித்தான் போகும். எடுத்து வைத்திருந்த துணி மூட்டையைப் பிரித்தோம். வெள்ளைச் சட்டை, பையின் ஓரம் கிழிந்து நீல நூலால் தைத்திருந்தது. அவர் அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வெள்ளை நூல் தீர்ந்துபோச்சுங்க, அதான் நீலத்துல தச்சேன்" என்றார். அப்புறம் டி.என்.ஏ.வும் அதையேதான் சொன்னது. நீல நூல் மட்டும் இல்லையென்றால், ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் சோதனைக்குக்கூட யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

அதனால் சொல்கிறேன், 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அது வெறும் பேச்சு. ஆளைக் காணவில்லை என்று தோன்றிய அன்றே போங்கள். எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலைய வேண்டாம், குற்றம் நடந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், அவர்கள் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோ எஃப்.ஐ.ஆர். நகலோ கையில் வாங்காமல் திரும்பாதீர்கள். குழந்தை என்றால் 1098, அவசரத்துக்கு 112. குழந்தை காணாமல் போனால் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்று 2013இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என்ன கொண்டுபோவது? எல்லோரும் ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் போட்டோவைக் கொண்டு வருகிறார்கள். அதோடு பல் தெரியச் சிரிக்கிற போட்டோ ஒன்றும் வேண்டும். முகம் அழிந்தாலும் பல் நிற்கும், முன்பல் இடைவெளியும் எத்துப்பல்லும் எங்களுக்குக் கைரேகை மாதிரி. பல் டாக்டரிடம் எடுத்த எக்ஸ்ரே இருந்தால் இன்னும் நல்லது. எலும்பு முறிந்து பிளேட் வைத்த ஆபரேஷன் சீட்டு, தழும்பு, பச்சை குத்தியது, கடைசியாகப் போட்டிருந்த துணியின் நிறம், அதில் இருக்கும் ஒட்டு, தையல். காணாமல் போனவரின் பல் பிரஷ்ஷையும் சீப்பையும் கழுவாமல் ஒரு காகிதக் கவரில் போட்டு வையுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் தங்கிக் கெட்டுவிடும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் வரும் பிண போட்டோக்களை அனுப்பாதீர்கள். தெரிந்தவர் மாதிரி இருந்தால் குடும்பத்துக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள், அல்லது ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். தன் அப்பாவின் உடலை ஃபேமிலி குரூப்பில் முதலில் பார்த்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள், "பத்து வருஷம் ஆயிடுச்சு டாக்டர், இனிமே போய் என்ன?" போங்கள். அடையாளம் தெரியாத உடல்களிலிருந்து பல்லோ எலும்போ மாதிரி எடுத்து வைத்த வழக்குகள் உண்டு, அவை ஒப்பிட ஆளில்லாமல் காத்திருக்கின்றன. ஆனால் ஒப்பிடுவதற்கு மிகவும் உதவுவது பெற்றவர்களின் ரத்தமும் பெற்ற பிள்ளைகளின் ரத்தமும்தான். கணவனோ மனைவியோ கொடுத்துப் பயனில்லை, அண்ணன் தம்பி என்றால் உறுதி குறையும். காணாமல் போனவரின் அம்மா இன்று உயிரோடு இருந்தால், அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், டி.என்.ஏ. மாதிரி எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இந்த மாதமே கொடுங்கள்.