டி.சி. கேட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

அலுவலக ஜன்னலில் நின்று ஒரு பையன் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். முதலாமாண்டு மெக்கானிக்கல். 'விலகும் காரணம்' என்ற கட்டத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதியிருந்தான். நான் அப்போது அந்தப் பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு ஒருங்கிணைப்பாளர். உட்காரவைத்துப் பேசிப் பார்த்தேன். முடிவெடுத்துவிட்டு வந்தவனுக்கு என்ன சொன்னாலும் ஏறாது. "சரிங்க மேடம்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அவன் போனதும் கிளார்க் அக்கா சொன்னார்: "இந்தத் தம்பி, இங்கதான் படிக்குதுன்னு போனஃபைட் சர்டிஃபிகேட் கேட்டு மூணு தடவை வந்துச்சு மேடம். பேங்க் லோனுக்காம். ஃபைல் கையெழுத்தாகி வரலைன்னு நாளைக்கு வா, நாளைக்கு வான்னு அனுப்பிட்டோம்." அன்று மாலை கல்லூரிப் பேருந்து ஓட்டுநரிடம் கேட்டேன். பையன் இரண்டு வாரமாகப் பேருந்தில் ஏறவில்லை, வழியில் ஒரு டூவீலர் பட்டறையில் வேலை செய்வதைப் பார்த்தேன் என்றார். இருவருக்கும் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவர்களைக் கேட்கவும் முடியாது. அதுவரை ஒருநாள்கூட நான் அவர்களிடம் போய் நின்றதில்லை.

இது நடந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கல்லூரிகளில் முதலாமாண்டுப் பொறுப்பில் இருக்கிற ஆசிரியர்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுக்கிறேன். அந்தப் பையனின் விண்ணப்பத்தில் தொடங்கித்தான் ஒவ்வொரு பயிற்சியிலும் பேசுகிறேன்.

புதிய மாணவர்களை வரவேற்பதற்குத் திட்டம் இல்லாமல் இல்லை. பொறியியல் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) மூன்று வார அறிமுகப் பயிற்சியை 2018-இல் பாடத்திட்டத்தோடு சேர்த்தே கொண்டுவந்தது. 2019-இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. படித்துப் பாருங்கள், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் நான் போய்ப் பார்த்த பல கல்லூரிகளில் அந்த மூன்று வாரம் ஆடிட்டோரியத்துக்குள்ளேயே முடிகிறது. காலையில் குத்துவிளக்கு, அப்புறம் சிறப்பு விருந்தினர், மதியம் இன்னொரு சிறப்பு விருந்தினர். பிள்ளைகள் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்தும் போனஃபைட் எந்த ஜன்னலில் வாங்குவது, உதவித்தொகை நின்றால் யாரைக் கேட்பது என்று தெரிவதில்லை.

இன்னொரு பக்கம், அரசு இந்தப் பிள்ளைகளைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவரச் செலவு செய்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. வாசலைத் தாண்டியபின் அந்தப் பிள்ளையைக் கவனிப்பது யார் வேலை?

பெரும்பாலான பொறியியல் கல்லூரிகளில் முதலாமாண்டு மாணவர்கள் எஸ் அண்ட் ஹெச் என்கிற அறிவியல் மற்றும் மானுடவியல் துறையின் கையில் இருக்கிறார்கள். கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் எடுப்பவர்கள். இரண்டாமாண்டில்தான் தங்கள் சொந்தத் துறைக்குப் போகிறார்கள். இதனால் முதல் வருடம் முழுக்க "அது உங்க பசங்க" என்று ஒரு துறையும் "அடுத்த வருஷம் உங்களுக்குத்தானே வரப்போறாங்க" என்று இன்னொரு துறையும் சொல்லிக்கொண்டிருக்கும். ஒருங்கிணைப்பாளர் பதவியோ, பணியில் இளையவராக யார் கிடைக்கிறாரோ அவர் தலையில் ஒரு சர்க்குலரோடு வந்து விழும். வாரம் 16 மணி நேர வகுப்பு அப்படியே இருக்கும். கிளார்க், வார்டன், டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ், எச்.ஓ.டி. (துறைத் தலைவர்), இவர்களில் ஒருவர்கூட அவருக்குக் கீழே இல்லை. ஆனால் இத்தனை பேரும் ஒத்துழைத்தால்தான் அவர் வேலை நடக்கும்.

தலைமைப் பயிற்சி என்று நான் சொல்வது இதைத்தான். நமக்குக் கீழே இல்லாதவர்களை நம்மோடு சேர்த்துக்கொண்டு ஒரு வேலையை நடத்தக் கற்றுக்கொள்வது. மேடையில் பேசப் பழகுவது இதில் சின்னப் பகுதி.

அமெரிக்காவில் தெற்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் 1970-இல் பெரிய மாணவர் கலவரம் நடந்தது. அதற்குப் பிறகு 1972-இல் 'யுனிவர்சிட்டி 101' என்று முதலாமாண்டுக்கு ஒரு பாடம் தொடங்கினார்கள். முதலாமாண்டுத் திட்டங்களைப் பற்றி யார் பேசினாலும் இன்றும் அந்தப் பெயர் வரும். எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான்: அந்தப் பாடத்தை எடுக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை ஆரம்பத்திலிருந்தே திட்டத்தின் பாதியாக வைத்திருந்தார்கள். நாம் மாணவருக்கு அட்டவணை போடுகிறோம். ஒருங்கிணைப்பாளருக்குக் கொடுப்பது ஒரு பேட்ஜ்.

பயிற்சியில் நான் அதிக நேரம் செலவிடுவது ஒரு போன் காலுக்கு. இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவரை அப்பாவாகவும் ஒருவரை ஒருங்கிணைப்பாளராகவும் பேசச் சொல்வேன். முதல் தடவை அனேகமாக எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள்:

"உங்க பையன் நாலு நாளா காலேஜ் வரலை. அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழ போனா எக்ஸாம் எழுத முடியாது, தெரியும்ல?"

"சரிங்க சார், நாளைக்கு அனுப்பி வைக்கிறேன்."

அவ்வளவுதான், கால் முடிந்துவிடும். பதிவேட்டில் 'பெற்றோரிடம் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதலாம். கல்லூரியைத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வந்தால் காட்டவும் செய்யலாம். பையன் ஏன் வரவில்லை என்று மட்டும் தெரியாது.

அப்புறம் இப்படிப் பேசச் சொல்வேன்: "வணக்கம் ஐயா, காலேஜ்ல தம்பிக்கு இங்கிலீஷ் எடுக்கிற டீச்சர் பேசுறேன். நாலு நாளா தம்பியைக் காணோம், நல்லா இருக்கானான்னு கேட்கலாம்னு கூப்பிட்டேன்." இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். ஆசிரியர்களான நமக்கு இடைவெளி விட்டால் பேசி நிரப்பிவிடும் பழக்கம். மனதுக்குள் பத்து எண்ணுங்கள் என்பேன்.

ஒரு பயிற்சியில் அப்பாவாக உட்கார்ந்தவர் கணித ஆசிரியர், அவரே முதல் தலைமுறைப் பட்டதாரி. எதிரில் இருந்தவர் பேசாமல் காத்திருந்தார். ஏழெட்டு நொடி இருக்கும். கணித ஆசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டே, "பஸ் ஃபீஸ் இன்னும் கட்டலை டீச்சர். எல்லார் முன்னாடியும் பேரைப் படிச்சிட்டாங்களாம். இனி போகமாட்டேங்கிறான்" என்றார். நான் எழுதிக்கொடுத்த வசனம் இல்லை அது. அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

எப்போது போன் செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அனுபவத்தில் பிள்ளைகள் நழுவுகிற நேரங்கள் மூன்று: ஆயுத பூஜை அல்லது தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனபின், முதல் இன்டர்னல் மார்க் வந்தபின், முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தபின். தமிழ்வழியில் நன்றாகப் படித்து வந்த பெண், கணிதத்திலும் இயற்பியலிலும் அரியர் வைத்ததும் 'எனக்கு இது ஆகாது' என்று முடிவுகட்டிவிடுவாள். இந்த மூன்று நேரங்களிலும் தொடர்ந்து மூன்று நாள் வராதவர் ஒவ்வொருவருக்கும் நான்காம் நாள் போன் போக வேண்டும். மாதக் கடைசியில் அட்டெண்டன்ஸ் கூட்டிப் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும்.

எல்லா போனையும் ஒருங்கிணைப்பாளரே செய்யக் கூடாது. பிள்ளைகள் மேல் உயிரை விடுகிற ஒருங்கிணைப்பாளர்கள் தடுக்கி விழும் இடம் இது. எல்லா மாணவரும் அவர் எண்ணுக்கே கூப்பிடுவார்கள், எல்லாப் பிரச்சினையும் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். மகப்பேறு விடுப்பில் அவர் போனால் அத்தனையும் அவரோடு போய்விடும். நானும் மூன்று வருடம் அப்படித்தான் இருந்தேன். டியூட்டர்களிடம், அதாவது சில மாணவர்களைக் கவனிக்கும் பொறுப்புள்ள ஆசிரியர்களிடம், பிரித்துக் கொடுங்கள். போன வருடம் தடுமாறி நிமிர்ந்த இரண்டாமாண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ரேங்க் ஹோல்டர்களை மட்டும் தேடாதீர்கள். கேட்டதையெல்லாம் எழுதி வையுங்கள். இரண்டாமாண்டுக்கு அனுப்பும்போது மார்க் பட்டியலோடு அந்த நோட்டும் எச்.ஓ.டி.யின் கைக்கு நேரில் போகட்டும். சாதி, குடும்பச் சண்டை, மருத்துவ விவரம் மட்டும் அதில் வேண்டாம்.

முதல்வர்களிடம் நான் கேட்பது மூன்று. ஒருங்கிணைப்பாளரை வருடாவருடம் மாற்றாதீர்கள். வாரத்தில் நான்கு மணி நேர வகுப்பைக் குறையுங்கள். போனஃபைட் போன்ற சான்றிதழ்கள் ஒரே நாளில் கிடைக்க, உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரத்தை ஒருவருக்கு எழுத்தில் கொடுங்கள். மூன்றாவதற்குத்தான் அதிகம் தயங்குகிறார்கள். மூன்றில் அதுதான் செலவே இல்லாதது.

அந்தப் பையனுக்குப் பிறகு நான் செய்தது சின்ன ஏற்பாடு. திங்கட்கிழமை காலை 9 மணிக்கு, முதல் மணி அடிப்பதற்குள், அலுவலக ஜன்னல் பக்கம் பத்து நிமிடம் நிற்பேன். கிளார்க் அக்கா, வார்டன், பேருந்து ஓட்டுநர்களில் இரண்டு பேர், நான். டீ வந்துவிடும். "போன வாரம் யாரைக் காணோம்?" என்ற ஒரே கேள்விதான். முதல் இரண்டு வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது திங்கள், ஓட்டுநர் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு டீசல் பில்லை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் பேனாவால் நான்கு பெயர்கள், ஏறும் நிறுத்தத்தோடு எழுதியிருந்தார்.