குளுவாசொனே: தடுப்பறை எனாமல்

பிரெஞ்சில் 'குளுவாசோன்' என்றால் தடுப்புச் சுவர். 'மூடு' என்னும் பொருள்கொண்ட லத்தீன் வேரிலிருந்து வந்தது. 'குளுவாசொனே' என்றால் தடுப்புகளால் அறை அறையாகப் பிரித்தது. பொன் தகட்டின் மேல் மெல்லிய பொன் பட்டைகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அந்த அறைகளில் எனாமல் என்னும் கண்ணாடித் தூளை இட்டுச் சுடும் வேலைக்கு இதுவே பெயர்.

பைசாந்தியத்திலும் (கிழக்கு ரோமப் பேரரசு) சீனத்திலும் பழகிய முறைதான். பாரிஸ் நகைக்கு அதை மீட்டுக்கொடுத்தவர் பொற்கொல்லர் அலெக்சி ஃபலீஸ் (1811–1898). எனாமல் வேலையைச் செய்தவர் அந்துவான் தார். சீன, ஜப்பானிய வேலைகளைப் பின்பற்றி இருவரும் 1860-களில் செய்த கடகங்களிலும் பதக்கங்களிலும் பொன் பட்டைதான் கோடு. நிறம் அதற்குள் அடங்கியிருக்கும்.

தமிழில் இதை 'வண்ணப்பூச்சு' என்பது தவறு. எனாமல் என்ற சொல்லே 'உருக்குதல்' என்னும் பொருள்கொண்ட ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. அது கண்ணாடித் தூள், சாயம் அல்ல. கோபால்ட் நீலம் தரும், செம்பு பச்சை தரும், வெள்ளீய ஆக்சைடு ஒளிபுகாத வெண்மை தரும். வட இந்திய எனாமல் வேலையின் பெயரான 'மீனாக்காரி' என்பதும் பொருந்தாது. அதில் பெரும்பாலும் பொன்னையே குழித்து நிரப்புவார்கள்; பிரெஞ்சில் அது 'ஷாம்ப்லவே', தமிழில் 'குழிவெட்டு எனாமல்' எனலாம். குளுவாசொனேக்குத் 'தடுப்பறை எனாமல்' என்பதே சரி.

தூளை நீரில் பலமுறை அலச வேண்டும்; அலசல் போதாவிட்டால் நிறம் மங்கிப் புகைபடியும். ஈரத்தோடு அறையில் இட்டு, முழுக்க உலர்த்தி, 750 முதல் 850 டிகிரி செல்சியஸில் ஓரிரு நிமிடம் சுடுவார்கள். ஈரம் மிஞ்சினால் நீராவி தூளைத் தெறிக்க வைக்கும், குமிழும் விழும். உருகியதும் எனாமல் அமுங்கும். ஆகவே மூன்று நான்கு முறை நிரப்பிச் சுட்டு, பிறகு கல்லால் தேய்த்துப் பட்டையோடு சமமாக்குவார்கள். பொன்னும் கண்ணாடியும் குளிரும்போது ஒரே அளவில் சுருங்குவதில்லை. அதனால் தகட்டின் பின்புறமும் எனாமல் இடுவார்கள். இல்லையேல் தகடு வளைந்து எனாமல் வெடிக்கும். பட்டையைப் பிடிக்கும் பற்றாசு சுடும் சூட்டில் இளகக் கூடாது. 18 காரட் பொன் உருகும் சூடும் அதிக தூரத்தில் இல்லை. பற்றாசைத் தேர்வதில்தான் பாதி வேலை கெடும்.

பழைய கடகத்தில் பிரெஞ்சு முத்திரையைக் கீலிலோ பூட்டு நாக்கிலோ தேடுங்கள்: 1838 முதல் 18 காரட் பொன்னுக்குக் கழுகுத் தலை, செய்தவர் குறிக்குச் சாய்சதுரம். கீல் முறிந்தால் ஊதுகுழல் தீ காட்டக் கூடாது, எனாமல் வெடித்துவிடும். லேசர் கொண்டுதான் பற்றவைக்க வேண்டும். நகையைச் சுத்தம் செய்யும் மீயொலித் தொட்டியிலும் போடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் அங்கேதான் சில்லாகப் பெயரும்.