பயாப்ஸி எடுக்காம விடுற கட்டி

கட்டின்னு ரிப்போர்ட்ல வந்ததும் வீட்ல எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "பயாப்ஸி எடுத்தாச்சா?", அதாவது கொஞ்சம் சதையைக் கிள்ளி சோதனைக்கு அனுப்பியாச்சான்னு. ஆனா உணவுக்குழாய்ல லியோமயோமான்னு, அதாவது கேன்சர் இல்லாத ஒரு தசைக் கட்டின்னு சந்தேகம் வந்தா டாக்டர் பெரும்பாலும் வேணும்னேதான் எடுக்காம விடுவார், அதை அலட்சியம்னு நினைச்சுடாதீங்க.

உணவுக்குழாய்ல வர்ற கட்டிங்கள்ல கேன்சர் இல்லாதது நூத்துக்கு ஒண்ணுகூட தேறாது, அந்தக் கொஞ்சத்துலயும் மூணுல ரெண்டு பங்கு இந்த லியோமயோமாதான். இது குழாயோட உள்தோல்ல வர்றதில்ல, சுவருக்குள்ள இருக்குற தசையில வருது, அதுவும் நம்ம கட்டுப்பாடு இல்லாம தானா இயங்குற வகை தசையில, அந்தத் தசை கீழ்ப்பக்கம்தான் அதிகம்ங்கறதால கட்டியும் மேல்பகுதியில அபூர்வம். வருஷக்கணக்கா மெதுவா வளரும். பலருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கும்போது மாட்டும். 5 செ.மீ. தாண்டினா சோறு இறங்காம நெஞ்சுல நிக்கிற மாதிரி இருக்கும், கேஸ் டிரபிள்னு மாத்திரை போட்டே காலம் ஓடிடும்.

எண்டோஸ்கோபில, அதாவது வாய் வழியா கேமரா குழாய் விட்டுப் பாத்தா உள்ள ஒரு மேடு, மேல தோல் பளபளன்னு முழுசா இருக்கும், கருவி நுனியால தள்ளினா அந்தத் தோல் மட்டும் கட்டி மேல வழுக்கிட்டு நகரும். இந்த வழுக்கல்தான் முக்கியம். சாதாரணமா பயாப்ஸிக்குக் கிள்ளுறது அந்த உள்தோலோட நின்னுடும், கட்டி வரைக்கும் போகாது. ஆழமா கிள்ளினா அந்தப் புண்ணு ஆறும்போது தோல் கட்டியோட ஒட்டிக்கும், பின்னாடி ஆபரேஷன்ல பிரிக்கும்போது கிழியும். அதனால எண்டோஸ்கோப் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் வச்சு சுவரை அடுக்கடுக்கா பாக்குறாங்க, தசை அடுக்குல ஓரம் சுத்தமா, ஒரே சீரா கறுப்பாத் தெரிஞ்சா அனேகமா இதுதான். ஜிஸ்ட்னு ஒரு கட்டியும் இதே மாதிரி தெரியும், அது கேன்சரா போகக்கூடியது. சந்தேகம்னா மெல்லிய ஊசியால கொஞ்சம் எடுத்து சிடி117ங்கற புரதம் இருக்கான்னு சோதனை பண்ணுவாங்க, ஜிஸ்ட்னா பெரும்பாலும் பாசிட்டிவ், லியோமயோமான்னா நெகட்டிவ்.

சின்னதா, தொந்தரவு இல்லாம இருந்தா அப்பப்போ பாத்துக்கிட்டாலே போதும். எடுக்கணும்னா பெரும்பாலும் குழாயை வெட்ட வேண்டியதில்ல. நெஞ்சுக்கூட்டுல சின்ன ஓட்டைங்க போட்டு கேமரா விட்டு, கட்டிக்கு மேல இருக்குற தசையை நீளவாக்குல பிரிச்சு, சுத்திலும் மெதுவா விலக்கிக்கிட்டே வந்தா பலாச்சுளையிலேர்ந்து கொட்டை வர்ற மாதிரி முழுசா வெளிய வந்துடும், பயாப்ஸியால ஒட்டாம இருந்தாதான் இந்த சொகுசு. எடுத்ததும் அந்த இடத்தை உப்புத்தண்ணியில முக்கி, உள்ளேர்ந்து காத்து அடிப்பாங்க, குமிழி வந்தா எங்கயோ தோல் கிழிஞ்சிருக்கு, அங்கயே தையல். கடைசியா பிரிச்ச தசையையும் சேத்துத் தைக்கணும், விட்டா உள்தோல் அந்த இடைவெளி வழியா பை மாதிரி பிதுங்கும்.

இப்ப வாய் வழியாவே எடுக்குற முறையும் இருக்கு, கட்டிக்கு சுமார் 5 செ.மீ. மேல குழாயோட உள்தோலைக் கீறி, அந்தத் தோலுக்கும் தசைக்கும் நடுவுல சுரங்கம் போட்டுப் போய் எடுத்துட்டு வாசலை கிளிப் போட்டு மூடிடுவாங்க, வெளிய தழும்பே இருக்காது. ஆனா ரொம்பப் பெரிய கட்டி அந்த சுரங்கத்துல வெளிய வராது, அதுக்கு இன்னும் நெஞ்சு வழிதான்.