பிக் பிளைண்டில் போட்ட 50 ரூபாய் உங்களுடையது இல்லை

‘சார், எதிராளி ரொம்பப் பேசிவ். ரைஸே பண்ண மாட்டான். பிக் பிளைண்ட்ல உக்காந்தா அவன்கிட்ட தோக்கவே முடியாது.’

போனில் காசு வைத்து ஆடும் போக்கர் சீட்டாட்டத்தைப் பற்றிய பேச்சு இது. அதில் ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகக் காசு போட வேண்டும். சிறிய தொகை சின்ன பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட். ரைஸ் என்றால் பந்தயத்தை ஏற்றுவது. அப்படி ஏற்றாமல் அடங்கி ஆடுபவன் பேசிவ். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதிலிருந்து இந்தப் பேச்சை என்னிடம் பேசிய நான்காவது ஆள் அவர். குளச்சல், முட்டம், தேங்காய்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கையில் போன் இருக்கும், வேலை இருக்காது. குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் வெட்டு நிற்கும் மாதங்களில் வருகிறார்கள், கடற்கரையிலிருந்து இந்த இரண்டு மாதங்களில் வருகிறார்கள். நாகர்கோவிலில் மனநல மருத்துவராக இருக்கும் எனக்கு இது ஒரு பருவகாலம் போலவே ஆகிவிட்டது. (இங்கே சொல்பவை பலருடைய கதைகள். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவர் தோற்றது நான்கு லட்சத்துக்கும் மேல். அம்மாவின் சங்கிலியும் மனைவி குழுவில் எடுத்த கடனும் அதில் அடக்கம். அப்படியும் என் எதிரே உட்கார்ந்து, தான் ஆடியது சரிதான் என்று எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கைத்தான் பேச வேண்டும். ‘சீட்டு கெட்டது, விடு’ என்று வீட்டில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அது அவர் காதில் ஏறாததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

அவர் சொன்னது இது. சின்ன பிளைண்ட் 25, பிக் பிளைண்ட் 50. எதிராளி 100-க்கு ரைஸ் செய்கிறான். மேசையில் 175 ரூபாய் கிடக்கிறது. நான் இன்னும் 50 போட்டால் போதும், மொத்தம் 225. ஆகவே நூற்றுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று தடவை ஜெயித்தாலே நஷ்டமில்லை. அந்த அளவுக்கு எந்தச் சீட்டும் ஜெயிக்கும், சார்.

வகுத்தது சரி. வகுத்தலோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு. ஒன்று, அவரே பேசிவ் என்று சொன்ன ஆள் இப்போது ரைஸ் செய்திருக்கிறான். எப்போதும் செக் (காசு வைக்காமல் கடப்பது), கால் (எதிராளி வைத்ததற்குச் சமமாக வைப்பது) என்று போகிறவன் ரைஸ் செய்தால் அவன் கையில் நல்ல சீட்டு இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு, பிக் பிளைண்டில் இருப்பவர்தான் அடுத்த சுற்றுகளில் பெரும்பாலும் எதிராளிக்கு முன்னால் பேச வேண்டும். அவன் என்ன செய்வான் என்று தெரியாமலே காசு வைக்க வேண்டிய இடம் அது. மூன்று, ஜோடி இல்லாத இரண்டு சீட்டு வைத்திருப்பவருக்கு, எல்லாருக்கும் பொதுவாக மேசையில் முதல் மூன்று சீட்டு விரியும்போது ஜோடி சேர்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவைதான். மற்ற இரண்டு தடவை வெறுங்கையோடு நிற்பார்.

அப்போது என்ன செய்கிறார்? பிளஃப், அதாவது நல்ல சீட்டு இருப்பதுபோல் காசை ஏற்றிக் காட்டுவது. ‘அவன் பயந்தவன், சீட்டை மடக்கி விலகிடுவான்’ என்கிறார். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ரைஸ் செய்யாதவன் பயந்தவன் என்று யார் சொன்னது? பேசிவ் ஆள் மடக்குவதில்லை, கால் பண்ணுகிறான். சின்ன ஜோடி இருந்தாலும் கடைசி சீட்டு வரை கூடவே வருகிறான். நம்பவைத்து விரட்டப் பார்க்கிறீர்கள், அவன் நம்பவே இல்லை. அப்படிப்பட்டவனிடம் நல்ல சீட்டு வந்தால் மட்டும் காசு வைக்க வேண்டும், இல்லையென்றால் சும்மா செக் பண்ணிவிட்டு விட்டுவிட வேண்டும். இது எனக்கு என் நோயாளிகள் சொல்லிக்கொடுத்த பாடம். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு யாராலும் அதன்படி ஆட முடிவதில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். நல்ல ஆட்டக்காரர்களுக்கும் பிக் பிளைண்ட், மொத்தத்தில் நஷ்டமான இடம். நூறு தடவையும் மடக்கினால் நூறு பிளைண்ட் போகும். அவர்கள் அதைவிடக் குறைவாக இழக்கப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ‘நான் ஏற்கெனவே 50 போட்டிருக்கேன், அதைக் காப்பாத்தணும்’ என்று இவர் சொன்னார். காப்பாற்ற அங்கே எதுவும் இல்லை. மேசைக்குப் போன 50 உங்களுடையது இல்லை. இரண்டு லட்சம் போன பிறகு மூன்றாவது லட்சத்தைப் போடச் சொன்னதும் இதே நினைப்புதான். இது போக, ஒவ்வொரு ஆட்டத்திலும் மேசையில் சேரும் காசிலிருந்து ஆப்காரர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். சமமான இருவர் ஆடிக்கொண்டே இருந்தால் இருவர் காசும் கரையும்.

எங்கள் துறையில் இதைச் சூதாட்ட நோய் என்றே சொல்கிறோம். 2013-இலேயே அமெரிக்க மனநல வகைப்பாடு இதை மது, போதைப் பழக்கங்களோடு சேர்த்து வைத்துவிட்டது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்பது நீதிமன்ற வழக்கு. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்றது. உடனே ‘பாத்தீங்களா சார்’ என்று கேட்டவர்கள் உண்டு. திறமை ஆட்டத்தில் வீட்டை இழக்க முடியாதா? 2025-இல் தமிழ்நாடு, காசு வைத்து ஆடுவதை இரவு 12 முதல் காலை 5 வரை தடுத்தது. ஏன் அந்த நேரம் என்று என் அறையில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைக்கும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்குப் பிறகும் வருகிறார்கள். வெளிநாட்டு ஆப், டெலிகிராமில் வரும் லிங்க். அங்கே ஜெயித்த காசு வராவிட்டால் யாரிடம் கேட்பீர்கள்?

ஆடுபவர்களுக்கு: ஆப்பை அழித்தால் மட்டும் போதாது. யுபிஐ இருக்கும் சிம்மை வீட்டில் நம்பும் ஒருவரிடம் கொடுங்கள். கடன் ஆப் உட்பட எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள், ஒன்றையும் மறைக்காதீர்கள். ‘போனதை மட்டும் எடுத்துட்டு விட்டுடறேன்’ என்று தோன்றும் நிமிடம்தான் மிக ஆபத்தான நிமிடம். அந்த மத்திய சட்டம் ஆடியவருக்குத் தண்டனை வைக்கவில்லை, பயப்படாமல் வாருங்கள். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்க 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்துகிறது.

அம்மாக்களே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ‘மக்களே, இதுதான் கடைசி’ என்று சொல்லி மூன்றாம் முறையும் நகையை எடுத்துக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கடன்காரரிடம் நேராகக் கட்டுங்கள், பையன் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் வைத்துத் திட்டவும் வேண்டாம். ‘நான் இருந்து என்ன பிரயோசனம்’ என்று அவன் ஒரு தடவை சொன்னாலும் போதும், தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், காசு ஒரு தடையில்லை.

வர முடியாத நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.