ஏழு ஏத்தன் தாரும் ஒரு சமூக சேவையும்

களக்காட்டுப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பத்தொன்பது வயது மகன், கூட்டாளிகளோடு சேர்ந்து ராத்திரியில் ஒரு தோட்டத்தில் ஏழு ஏத்தன் வாழைத்தாரை வெட்டி லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டான். பாளையங்கோட்டையில் என் வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்ததுமே கேட்டார்: "ஐயா, இப்பம் சட்டம் மாறிட்டுதாமுல்லா? ஜெயிலுக்குப் போவாண்டாம், ஆஸ்பத்திரியில நாலு நாளு கூட்டிப் பெருக்குனா கேஸு முடிஞ்சிருமாமே? ஒத்துக்கிடச் சொல்லிருவமா?"

இந்தக் கேள்வியை இப்போது அடிக்கடி கேட்கிறேன். பாதி சரி. மறுபாதியில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, தண்டனை வகைகளில் சமூக சேவையையும் சேர்த்திருக்கிறது. சம்பளமில்லாமல் ஊருக்குப் பயன்படும் வேலையைச் செய்யச் சொல்வது. ஆனால் எல்லாக் குற்றத்துக்கும் கிடையாது, ஆறே ஆறுக்குத்தான். சின்னத் திருட்டு, பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை, அவதூறு ஆகிய மூன்றும்தான் நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் அதிகம் வரக்கூடியவை. அரசு ஊழியர் வியாபாரம் செய்வது, கோர்ட் பிரகடனம் செய்தும் ஆஜராகாமல் இருப்பது, அதிகாரியைக் கட்டாயப்படுத்தத் தற்கொலைக்கு முயல்வது ஆகியவை மீதி மூன்று. குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியவர்களும் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். அது மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு. அந்தப் பிரிவில் சமூக சேவை என்ற சொல்லே கிடையாது. கோயில் கொடையில் குடித்துவிட்டு மைக் செட்காரரிடம் சண்டை போட்டால் அது நியாய சன்ஹிதாவின் 355வது பிரிவு. இருபத்துநாலு மணி நேரம் வரை வெறுங்காவல் (கடின வேலையில்லாத சிறை), ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது சமூக சேவை. பழைய சட்டத்தில் இதே குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய்தான்!

வாழைத்தார் விஷயத்துக்கு வருவோம். 303வது பிரிவு இப்படிச் சொல்கிறது: திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்து, முதல்முறையாகத் தண்டிக்கப்படுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவை. இதில் மதிப்பு என்கிற ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 5,000-க்குள் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணையே தொடங்க முடியாது, ஜாமீனும் உரிமை. தாண்டிவிட்டால் ஆளைத் தூக்கலாம், ரிமாண்ட் கேட்கலாம். முதல் தகவல் அறிக்கையில் ஏழு தாருக்கு 6,000 ரூபாய் என்று போட்டிருந்தது. எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். குமாஸ்தாவை அனுப்பி, வாழைக்காய் கமிஷன் மண்டியில் அந்தத் தேதிக்கு ஏத்தன் என்ன விலை போனது என்று சீட்டு வாங்கி வரச் சொன்னேன். கிலோ நாற்பது. தாருக்குப் பதின்மூன்று கிலோ வைத்தாலும் 3,640 ரூபாய்தான். திருட்டுக் கேஸில் மாட்டியவர்கள் முதலில் தேட வேண்டியது இப்படியொரு சீட்டைத்தான்.

"முதல்முறை" என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. காசு வைத்து வெட்டுச்சீட்டு விளையாடிப் பிடிபட்டு, 'வாய்தாவுக்கு யார் அலைய' என்று ஒத்துக்கொண்டு பைன் கட்டிவிட்டு வருகிறோமே, அதுவும் தண்டனைதான். அப்படி ஏதாவது பழசு இருந்தால் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன முக்கியமான பதில் வேறு. சமூக சேவை செய்தால் கேஸ் முடியும். ஆனால் பையன் குற்றவாளி என்ற தீர்ப்பு நிற்கும். அவனோ போலீஸ் செலக்‌ஷனுக்குக் காலையில் ஓடிக்கொண்டிருக்கிறவன். விண்ணப்பத்தில் வழக்கு உண்டா, தண்டனை உண்டா என்று கேட்பார்கள். மறைத்தால் அது தனி வம்பு. இப்படிப்பட்ட பையன்களுக்கு 1958ஆம் வருடத்து நன்னடத்தைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன்கீழ் கண்டித்தோ நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கியோ விட்டால், தண்டனையால் வரும் தகுதியிழப்பு அவனைத் தொடாது என்று 12வது பிரிவு சொல்கிறது. போலீஸ் தேர்வில் இது மட்டுமே காப்பாற்றிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் புதுச் சட்டத்தின் மினுமினுப்பில் இந்தப் பழைய கதவைத் தட்டாமல் விடுகிறோம் என்பது என் வருத்தம். பதினெட்டு வயது ஆகாதவன் என்றால் இது எதுவுமே வேண்டாம், இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று சட்டத்தில் எழுதவில்லை. நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே வெறுங்கையோடு போய் நிற்காமல், ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுமிடத்தில் உதவி, நூலகத்தில் புத்தகம் அடுக்குவது என்று வக்கீலே யோசனை கொண்டுபோவது நல்லது. ஒருத்தனுக்குப் பேனா, இன்னொருத்தனுக்கு விளக்குமாறு என்று ஆளையும் தெருவையும் பார்த்துப் பிரிக்கிற பழக்கம் நம் ஊரில் புதிதல்ல. சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பது செல்லாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் நம் பாளையங்கோட்டைச் சிறையின் பெயரும் வருகிறது. சிறைக்கு வெளியே கொடுக்கிற வேலைக்கு மட்டும் வேறு நியாயமா?

தார்கள் ஸ்டேஷன் வராந்தாவிலேயே பழுத்து அழுகிவிட்டன. எனவே மதிப்பைத்தான் திருப்பித் தர வேண்டும். கோர்ட்டில் மெமோ போட்டுக் கட்டி ரசீது வாங்குவோம் என்றேன். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். தோட்டக்காரர் கையிலேயே நாலாயிரம் கொடுத்துவிட்டாராம், அதுவும் நகையை வைத்து.

"எழுதி வாங்குனியளா?"

"அண்ணாச்சி முறை வேணும்யா அவிய. எப்படிக் கேக்க?"

வருகிற வாய்தாவில் அந்த அண்ணாச்சிதான் முதல் சாட்சி.